கிளையின் மீதியைக் கொண்டுவந்த தம்பிக்கு

முகத்தில் மரக்கிளை குத்தி, அது உள்ளேயே முறிந்த நிலையில் ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். முகத்தில் புதிதாக ஒரு வெட்டுகூட இல்லாமல் மரச்சிம்பு வெளியே வந்துவிட்டது. அறுவை அரங்கில் நின்றவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

தம்பி, எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடியபோது நீங்கள் தரையில் கிடந்த முறிந்த கிளையைத் தேடியெடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். அது என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உலோகம் என்றால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். அறுவையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவியில் இரண்டு கோணத்தில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். மரம் அப்படியில்லை. காய்ந்த மரம் சி.டி. ஸ்கேனில் காற்றைப் போலக் கறுத்துத் தெரியும். ஈரம் ஊறிவிட்டால் தசையிலிருந்து பிரித்தறிவதே கடினம். எத்தனை துண்டாக உடைந்திருக்கிறது என்பதைப் படத்தை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது.

நீங்கள் கொடுத்த மீதி சொன்னது: பென்சில் பருமன், பட்டை உரியாதது, நார்போக்கில் சாய்வாகப் பிளந்தது. இப்படிப்பட்டதை இறுக்கி இழுத்தால் மரம் மட்டும் வரும், பட்டை உள்ளே கழன்றுகொள்ளும். அதனால் மூக்கு வழியாகத் தாடை சைனஸின் (கன்னத்துக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் காற்றறையின்) வாயை அகலப்படுத்தி, 4 மி.மீ. எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயால் உள்நுனியைப் பார்த்துக்கொண்டே, புகுந்த காயம் வழியாக, புகுந்த கோட்டிலேயே மெல்ல இழுத்தோம். சைனஸின் பின்சுவருக்கு அப்பால் பெரிய தமனி ஓடுகிறது. அங்கே திருப்புவதும் ஆட்டுவதும் ஆகாது.

எடுத்ததை உங்கள் துண்டோடு பொருத்திப் பார்த்தோம். முறிந்த இடத்தில் ஒரு சீவல் குறைந்தது! பக்கவாட்டில் பார்க்க உதவும் 70 டிகிரி லென்ஸை மாற்றித் தேடினால், சைனஸின் தரையில் பட்டையோடு கிடந்தது. அதை விட்டிருந்தால் மரத்தின் நுண்துளைகளில் கிருமி தங்கி, மாதங்கள் கழித்தும் சீழ் கட்டியிருக்கலாம்.

காயத்தைத் தோண்டாமல் மூடி மட்டும் அழைத்துவந்த ஆம்புலன்ஸ் ஊழியர்கள், படத்தில் தெரிந்த கறுப்புக் கோட்டின் விளிம்பு காற்றுக்கு இருக்கமுடியாத அளவு நேராக இருக்கிறதே என்று 1 மி.மீ. அடுக்குகளில் மறுபடி பார்த்துச் சொன்ன ஸ்கேன் பிரிவினர், மயக்க மருத்துவர், செவிலியர்கள், ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முகத்திலோ கழுத்திலோ ஏதாவது குத்தி வருகிறவர்களுடன் வருவோரிடம், “மீதித் துண்டு எங்கே?” என்று இனி முதலிலேயே கேட்போம். அவசரப் பிரிவின் கேள்வித்தாளில் அந்த வரியைச் சேர்த்துவிட்டோம், தம்பி.