ஞாயிறு மலாக்கா பயணம்: செட்டி அருங்காட்சியகம்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு மலாக்கா, காஜா பேராங்கில் உள்ள செட்டி அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். காலை 7 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து புறப்பாடு.

இடம் சிறியதுதான். ஆனால் அவசரமாகச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வாரிசுகள்தான் இந்த மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேலாடை, கும்பிடுவது மாரியம்மனை. பொங்கலுக்கு முதல் நாள் முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் 'பார்ச்சு' வழக்கம் இன்றும் உண்டு. அதைப் பற்றி அங்குள்ள பெரியவர்களிடம் கட்டாயம் கேளுங்கள், கண்ணாடிப் பேழையில் இருப்பதைவிட அவர்கள் வாயால் கேட்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், அருங்காட்சியகம் இருப்பது மக்கள் குடியிருக்கும் கம்பத்தில் (கிராமத்தில்). வீடுகளையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

மதியத்துக்கு முன் தங்க ஆசாரித் தெருவில் உள்ள பொய்யாத விநாயகர் கோயிலுக்கும் போவோம். 1781இல் இதே சமூகத்தார் கட்டியது. கோயிலுக்கு ஏற்ற உடையில் வாருங்கள்.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள். காரில் இடம் இருப்பவர்களும் சொல்லிவிடுங்கள்.