மகிழ்ச்சிப் பிணமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஜெர்மனிப் பயணத் தொடரில், 'ஃப்ரோன்லைஷ்னாம்' என்ற கத்தோலிக்கத் திருவிழாவின் பெயருக்கு 'மகிழ்ச்சிப் பிணம்' என்று பொருள் சொல்லி, பக்கத்தில் சிரிக்கும் எலும்புக்கூடு ஒன்றையும் வரைந்திருக்கிறீர்கள். இன்றைய ஜெர்மனில் 'ஃப்ரோ' என்றால் மகிழ்ச்சி, 'லைஷ்னாம்' என்றால் பிணம்; அதை வைத்து அந்த ஊர்க்காரர்கள் அடித்து அடித்துப் புளித்துப்போன வேடிக்கை அது. தங்கள் கட்டுரையாளர் அதையே சொல்லாராய்ச்சி என்று நம்பிவிட்டார்.

தங்களுக்குத் தெரியாததல்ல. பழைய ஜெர்மன் மொழியில் 'ஃப்ரோ' என்றால் ஆண்டவன், எஜமான். அதன் பெண்பால்தான் பெண்ணைக் குறிக்கும் இன்றைய 'ஃப்ராவ்'. 'ஃப்ரோன்' என்றால் ஆண்டவருக்குரிய. பண்ணையாருக்குக் கூலியில்லாமல் உழைத்ததற்கும் 'ஃப்ரோன்டீன்ஸ்ட்' என்றுதான் பெயர்; அதில் என்ன மகிழ்ச்சி கண்டாரோ! 'லைஷ்னாம்' இன்று பிணம்தான், மறுக்கவில்லை. இடைக்காலத்தில் அது உயிருள்ள உடலையும் குறித்தது. டச்சு மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு இன்றும் உடல் என்றே பொருள். ஆக, ஆண்டவரின் திருவுடல். 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்திய விழா. நம் ஆலயங்களில் கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா என்று அறிவிக்கிறார்களே, அதேதான்.

கொலோன் பக்கத்துச் சிற்றூரில் பல ஆண்டுகள் குடியிருந்தவள் நான். விழாவுக்கு முந்தைய மாலை, வீட்டுக்காரப் பாட்டி பியோனி மலர்களை இதழ் இதழாக உதிர்த்து, வாளியில் போட்டு, ஈரத்துணியால் மூடி நிலவறையில் வைப்பார். காலையில் நற்கருணைப் பவனி வரும் தெருவில் முழங்காலிட்டு அவற்றைப் பரப்புவார். அவரிடம் போய் 'மகிழ்ச்சிப் பிணத் திருநாள் வாழ்த்துகள்' என்று சொல்லிப் பார்க்கட்டும் தங்கள் கட்டுரையாளர்.

இது முதல் தடவையும் அல்ல. சென்ற ஆண்டு, புனித வெள்ளியைக் குறிக்கும் 'கார்ஃப்ரைடாக்' தங்கள் பக்கங்களில் 'கார்கள் ஓடாத வெள்ளி' ஆனது. அந்தக் 'கார்' துயரத்தையும் புலம்பலையும் குறிக்கும் பழஞ்சொல். மோட்டார் வண்டியை ஜெர்மானியர் 'ஆட்டோ' என்பார்கள். அப்போதே நீளமாக எழுதினேன். அட்டைப்படம் அழகு என்று மரியாதைக்குச் சொன்ன ஒற்றை வரியை மட்டும் பிரசுரித்துவிட்டு, மீதியை விழுங்கிவிட்டீர்கள். சந்தா தீரும்போது மட்டும் நினைவூட்டுக் கடிதம் தவறுவதே இல்லை.

கிரிம் சகோதரர்கள் தொடங்கிய ஜெர்மன் அகராதியின் முதல் தொகுதி 1854இல் வந்தது. முழுதும் முடிய 1961 ஆயிற்று. அத்தனை பேர் அத்தனை காலம் உழைத்ததில் ஒரு பக்கத்தைப் புரட்டக்கூடத் தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள், போதும். இந்த முறை அட்டைப்படத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்