ஆழம் பார்த்து வைத்திருக்கிறேன்

அன்பு மகள் கலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ அம்மாவிடம் பேசும்போது திண்ணையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். நேற்று அவள் போனை என்னிடம் நீட்டினாள், அதற்குள் நீ வைத்துவிட்டாய். மீட்டிங் இருந்திருக்கும்.

கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. வேட்டங்குடியில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கிவிட்டன, கவினிடம் சொல். பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள் என்றதும், "அப்ப அந்த ஊருப் பிள்ளைங்க பாவம்ல தாத்தா" என்றானே! டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன்.

அவனை நீச்சலுக்குச் சேர்த்தாயா? காசு கட்டினால் சென்னையில் நீலத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்களாம். சேர்த்துவிடு. ஆனால் நீலத் தண்ணீரில் தரை தெரியும், நம் கண்மாய்த் தண்ணீர் டீ மாதிரி. முன்பெல்லாம் கரையிலிருந்து மெல்லச் சரிந்துதான் ஆழமாகும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று உடம்பே சொல்லிவிடும். சவுடு மண் அள்ள இயந்திரம் இறங்கிய பிறகு, முழங்கால் தண்ணீரில் நின்று அடுத்த எட்டு வைத்தால் ஆள் ஆழம். அன்று அவன் போனது அப்படித் தோண்டிய ஒரு கிடங்குப் பள்ளத்தில்தான். பிள்ளை மேல் தப்பில்லை. உன் மேலும் இல்லை.

மூழ்குகிறவன் பெரும்பாலும் கத்துவதில்லை, சினிமாவில்தான் கத்துவான். சத்தமில்லாமல் போய்விடுவான். நீச்சல் தெரியாதவர்கள் பின்னாலேயே குதிக்கவும் கூடாது. சேலையோ துண்டோ வீச வேண்டும், மூடி இறுக்கிய காலி கேன் கிடைத்தால் அதை வீச வேண்டும். இதையெல்லாம் மாப்பிள்ளைக்கும் சொல்லி வை.

கரை வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்லி மாப்பிள்ளையைப் பேச வைத்தாய். நீயே கேட்டிருக்கலாம். ஆபீசில் நூற்றைம்பது பேரை மேய்க்கிற பெண், அப்பனிடம் பேச ஆள் வைப்பதா? அறுபத்தாறு வருடம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தவன் எந்த அடுக்குமாடியில் போய் நிற்பேன்? சரி, விடு.

உன் அண்ணனுக்கு லாரி டியூப் கட்டி நான் நீச்சல் பழக்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கும் பழக்கினேனே, அது ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது வயது. நாலே நாளில் டியூபை விட்டுவிட்டு அல்லிக்கொடி வரை போய்வந்தாய். உன் அண்ணனுக்கு அதற்கு ஒரு மாதம் ஆனது. அன்று மடைப்பக்கம் நின்றிருந்தவர்கள், "பொட்டப்பிள்ளையை இப்படி ஊர் பார்க்கத் துழாவ விட்டிருக்கியேப்பா" என்றார்கள். நான் இறங்கி வந்து உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மடையில் முனி இருக்கிறது, காலைப் பிடித்து இழுக்கும் என்று சொன்னேன். மடையில் முனியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நாலு பேர் வாய்க்குப் பயந்து சொன்னது. அப்புறம் நீ தண்ணீர்ப் பக்கமே போகவில்லை, நானும் நல்லதென்று விட்டுவிட்டேன்.

அன்று ஆடு மேய்க்க வந்த பையன் குதித்துக் கவினைத் தூக்கிய வரை நீ கணுக்கால் தண்ணீரில் நின்றாய். கைகள் முன்னால் நீண்டே இருந்தன, கால் வரவில்லை. நான் மேலே வேப்பமரத்தடியிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தேன். பார்த்தேன். "நீ ஏன் இறங்கவில்லை" என்று கத்தினேன். அதை நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

போன வாரம் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா திட்டினாள். படித்துறைக்கு நேரே இருபது எட்டு வரை கிடங்கு இல்லை, மார்பளவுதான். இரண்டு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். தை பிறந்தால் தண்ணீர் கொஞ்சம் வடியும். நாலு நாள் லீவு போட முடியுமா என்று பார். கவினுக்கு மட்டும் இல்லை.

பரணில் டியூப் கிடந்தது. காற்று நிற்கவில்லை. பஞ்சர் கடையில் ஒட்டக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா