எங்கள் பெயரைச் சொல்லி மன்னிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பேய்ப்பட விமர்சனத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கதை பழசு, பங்களா பழசு, ஃப்ளாஷ்பேக் இழுவை, காமெடி எடுபடவில்லை, பயம் எங்கேயும் இல்லை என்று பக்கம் முழுக்க எழுதிவிட்டு, கடைசியில் உங்கள் விமர்சகர் இப்படி முடிக்கிறார்: "லாஜிக் பார்க்காத பி, சி சென்டர் ரசிகர்களுக்கு நல்ல விருந்து." கூடவே மூன்று ஸ்டார்.

சின்ன ஊர்த் தியேட்டர்களைத்தான் சினிமாக்காரர்கள் பி, சி சென்டர் என்பார்கள். அந்த சி சென்டர் நாங்கள்தான். நான் தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஒரு புதுப்படத்துக்குப் பிள்ளைகளோடு போவதென்றால் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை பஸ் ஏற வேண்டும். டிக்கெட், பஸ், இடைவேளைத் தீனி, திரும்பி வரும்போது சாப்பாடு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறோம். இவ்வளவு யோசித்துக் கிளம்புகிறவர்கள் உள்ளே போனதும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று உங்கள் விமர்சகருக்கு யார் சொன்னது?

உங்களுக்குத் தெரியாததில்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரிய பேய்ப்படங்களில் பலவும் அந்த நேரத்தை ஒட்டித்தான் வந்திருக்கின்றன. சந்திரமுகி 2005 ஏப்ரல் 14, காஞ்சனா 2 2015 ஏப்ரல் 17, காஞ்சனா 3 2019 ஏப்ரல் 19, அரண்மனை 4 2024 மே 3. பள்ளி விடுமுறையைப் பார்த்து வெளியிடுகிறார்கள், அது அவர்கள் தொழில், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்கள் கரையில் அது படகெல்லாம் கட்டிக் கிடக்கிற காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. நிவாரணப் பணத்தை எதிர்பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் கேட்கிறார்களே என்று கடன் வாங்கிப் படத்துக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மோசமான படம் போதும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள்.

பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2009இல் வந்த ஈரம் படத்தில் பேய் தண்ணீர் வழியாகத்தான் வரும். நாலு பக்கமும் தண்ணீர் உள்ள தீவில் இருக்கிறவள் நான். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு, கொல்லைப்புறத்துக் குழாய் சொட்டுகிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் யாரும் மண்டையோட்டை முகத்துக்கு நேரே நீட்டவில்லை. எது ஏன் நடக்கிறது என்பதை ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

லாஜிக் என்று நீங்கள் சொல்வது பேய்க்கதைக்குத்தான் மிகவும் வேண்டும். என் அப்பத்தா சொன்ன கதைகளில் முனிக்கு ஒரு எல்லை இருக்கும். இன்ன பனையைத் தாண்டி வராது, இன்ன நேரத்துக்கு முன்னால் இறங்காது. அந்தச் சட்டம் தெரிந்ததால்தான் பனை நெருங்க நெருங்க எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இன்றைய பெரிய படங்களில் பேய் எப்போது வேண்டுமானாலும் வரும், யார் உடம்பில் வேண்டுமானாலும் ஏறும், ஹீரோவை மட்டும் கிளைமாக்ஸ் வரை ஒன்றும் செய்யாது. பிறகு எதற்குப் பயப்படுவது? சத்தத்துக்குத் திடுக்கிடுவதைப் பயம் என்று சொல்லலாமா? லாரி ஹாரன் அடித்தாலும் திடுக்கிடத்தான் செய்கிறோம்.

ஒரு காமெடிப் படத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்றால் மூன்று ஸ்டார் கொடுப்பீர்களா? படம் தோற்றது என்றுதான் எழுதுவீர்கள். பயமே வராத பேய்ப்படத்துக்கு மட்டும் "குடும்பத்தோடு பார்க்கலாம்", "ஒரு தடவை பார்க்கலாம்", "தியேட்டரில் கைதட்டல் பறக்கிறது" என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. மீன் கெட்டுவிட்டால் மசாலாவைக் கூட்டிப் போட்டு வறுப்பார்கள். சாப்பிடுகிறவர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டு, கவர்ச்சி, அடிதடி, காமெடி எல்லாம் இந்தப் படங்களில் அந்த மசாலாதான். உங்கள் விமர்சகர் மசாலாவைப் பாராட்டுகிறார், மீனைப் பற்றிப் பேச்சே இல்லை.

விமர்சகர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ரசிகர்களும் அப்படித்தான். என் அக்கா மகன் காலேஜில் படிக்கிறான். கொரியா, இந்தோனேசியா பேய்ப்படங்களை எல்லாம் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பவன். சின்ன பட்ஜெட்டில் புது டைரக்டர் ஒருவர் எடுத்த தமிழ்ப் பேய்ப்படத்தில் கிராஃபிக்ஸ் சரியில்லை என்று ஒரு மாதம் கிண்டல் செய்தான். அதே பையன் பெரிய நடிகரின் படத்தில் அதைவிட மோசமான கிராஃபிக்ஸைப் பார்த்துவிட்டு, "சித்தி, இது கமர்ஷியல் படம், அப்படிப் பார்க்கக் கூடாது" என்கிறான். ஏன்டா என்று கேட்டேன். பெரிய படம் ஓடினால்தான் அடுத்து யாராவது பேய்ப்படம் எடுக்கப் பணம் போடுவார்களாம், அதனால் நாம்தான் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். அவன் பாசத்தில் சொல்கிறான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடுகிற படத்தைப் பார்த்துத்தான் அடுத்த படத்துக்குப் பணம் போடுகிறார்கள். பங்களா, காமெடி, ஃப்ளாஷ்பேக் என்று வந்தது ஓடினால் அடுத்ததும் அப்படித்தான் வரும்.

சந்திரமுகியின் மூலக்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் மலையாளத்தில் வந்த மணிச்சித்ரதாழு. அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பூட்டிய அறை, நாட்டியம், மனநோய் எல்லாம் அதிலேயே உண்டு, சிரிப்பும் நிறைய உண்டு. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் சிரிக்க முடியாது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்கள் அந்த அறையையும் அலங்காரத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் வேதனையை விட்டுவிட்டன. இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். அப்படியிருந்தும் உங்கள் பத்திரிகையிலேயே இப்படி வரலாமா?

தும்பாட் என்ற இந்திப் படம் 2018இல் வந்தபோது பெரிதாக ஓடவில்லை. 2024இல் மறுபடி தியேட்டருக்கு வந்து, முதல் தடவை வசூலித்ததைவிட அதிகம் வசூலித்தது. படம் அதேதான். முதல் தடவை போகாத கூட்டம் இரண்டாம் தடவை போனது. நல்லதைக் காட்டினால் ஜனங்கள் வருவார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எங்கள் பக்கம் அந்த மாதிரிப் படம் வந்தால் ஒரு வாரம், அதுவும் காலைக் காட்சி. வந்தது தெரிவதற்குள் போய்விடும். "மெதுவாக நகர்கிறது" என்று நீங்கள் நாலு வரியில் முடித்திருப்பீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. நீங்கள் விருந்து என்று எழுதிய அந்தப் படத்தில், சங்கிலியால் கட்டிவைத்த ஒரு பெண் தலைவிரிகோலமாக உறுமுவாள், காமெடியன் அலறி ஓடுவார். தியேட்டரில் சிரித்தார்கள், என் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு முடியவில்லை. எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கட்டியிருந்த சங்கிலியை அவிழ்க்க முடியாமல் செத்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்து விசாரித்தது. அதற்குப் பிறகும் பேய்ப்படத்தில் சங்கிலி என்றால் சிரிப்புதான். உங்கள் விமர்சனத்தில் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாஜிக் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி இதையும் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

தனுஷ்கோடி கதையும் அப்படித்தான். என் அப்பத்தா அங்கே வாழ்ந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்ததையும், பாம்பனிலிருந்து போன ரயில் அலையில் போனதையும் குரலை உயர்த்தாமல்தான் சொல்லுவார். தண்ணீர் வாசற்படிக்கு வந்தபோது உப்புப் பானையை எடுத்துப் பரண்மேல் வைத்தாராம், தண்ணீர் வடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம் என்று. அந்தப் பானையைச் சொல்லும் இடத்தில் எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும். சில வருஷங்களுக்கு முன்னால் உங்கள் பத்திரிகையிலேயே அந்த ஊரைத் திகில் சுற்றுலா இடம் என்று ஒரு கட்டுரை வந்தது. அப்போதும் எழுதினேன். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. அங்கே இன்றும் குடிசை போட்டுத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா. அவர்கள் பேய் இல்லை.

வாடைக் காலத்தில் படகு வர வேண்டிய நேரம் தாண்டி, வாக்கிடாக்கியில் பதில் இல்லாமல், கரையில் நிற்கிற பெண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். பயம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதைத் திரையில் சரியாகக் காட்டினால் முதலில் உணர்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கு இது போதும் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். பெரிய நடிகரைப் பகைத்துக்கொள்ள முடியாது, விளம்பரம் போய்விடும் என்பது உங்கள் சங்கடமாக இருந்தால் அதை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பேய்ப்பட விமர்சனத்தில் ஸ்டாருக்குப் பக்கத்தில், பயம் வந்ததா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். பெரிய படம், சின்னப் படம் இரண்டுக்கும் அதே வரி. அப்புறம், சின்னப் பேய்ப்படங்கள் ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் எந்தத் தியேட்டரில், எந்தக் காட்சி என்று வெள்ளிக்கிழமை இதழில் ஒரு ஓரத்தில் கொடுத்தால் உதவியாக இருக்கும். அடுத்த தடைக்காலத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.