நீ கேட்ட கேள்வியும் நூபுர கங்கையும்

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் மாமாவும் சைக்கிளில் அழகர்மலைக்குப் போய், மலைமேல் உள்ள நூபுர கங்கை ஊற்றில் நீராடிவிட்டு வந்தோம். தொலைபேசியில் சொன்னால் “இந்த வெயிலில் எதற்கப்பா” என்று கேட்டு நீ பேச்சை முடித்துவிடுவாய் என்பதற்காக மட்டும் இதைக் கடிதமாக எழுதவில்லை. அந்த ஊற்றின் அருகே நின்று ஏழு வயதில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளாக அது என் மனத்தில் ஒரு கடனாகவே இருந்து வந்திருக்கிறது.

உனக்கு அந்த நாள் நினைவிருக்குமோ என்னவோ. 1999 கோடை, செல்லூர் வீட்டுக் கிணற்றில் வாளி தரையைத் தட்டிக்கொண்டிருந்த சமயம். என் சைக்கிளின் முன்பாரில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைத்து அழகர்கோவில்வரை மிதித்தேன். மலைமேல் ராக்காயி அம்மன் சந்நிதியை ஒட்டி, கை பருமனுக்குத் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு, “மழையே பெய்யலையே, இந்தத் தண்ணி எங்கேருந்துப்பா வருது?” என்று கேட்டாய். “சாமி விடுறார்” என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நம்ம கெணத்துக்கு ஏன் விடலை?” என்று கேட்டாய். நான் உன் தலையைத் துவட்டிக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டேன்.

இந்த முறை ஆனி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆடி பிறந்துவிட்டால், அதிலும் ஆடி அமாவாசையன்று, அங்கே கால் வைக்க இடமிருக்காது. அதோடு, மதுரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கிறது. மழை ஓய்ந்து பல மாதங்கள் கழித்து ஊற்று எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மாமா கியர் வைத்த புது சைக்கிளில் வந்தார். நான் நம் பழைய சைக்கிளையே எடுத்துக்கொண்டேன். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல் என்று போகும் அந்தச் சாலை, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து வைகைக்கு வரும் அதே வழிதான். அவர் தங்கித் தங்கி வரும் மண்டகப்படி மண்டபங்கள் வழியெங்கும் ஆளில்லாமல் கிடந்தன. திருவிழாக் கூட்டத்தில் தலைகளை மட்டுமே பார்த்துப் பழகிய அந்தச் சாலையில், இருபுறமும் ஓடும் வாய்க்கால்களையும் வயல்களையும் பார்த்துக்கொண்டே போனது எனக்குப் புதிதாக இருந்தது. மேற்கிலிருந்து வீசிய காற்று இடது கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தது.

அப்பன்திருப்பதியைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது, கருவேல முள். சாலையோரத்தில் ஒரு பெரியவர் டியூபைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பிக்கொண்டே வந்தார். எங்களால் கண்டுபிடிக்க முடியாத ஓட்டையை, வரிசையாக மேலே வந்த குமிழிகள் காட்டிக்கொடுத்தன. காற்றானாலும் தண்ணீரானாலும், உள்ளே அழுத்தம் இருந்தால் வெளியேறுவதற்கு ஒரு நூலிழை வழி போதும் என்பதை அந்தத் தொட்டியைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன்.

பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளத்தைக் கடந்து, ஏறத்தாழ 21 கிலோமீட்டர் மிதித்துக் கோவிலை அடைந்தபோது மணி ஏழே கால். பதினெட்டாம்படிக் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு, சைக்கிள்களை அடிவாரத்திலேயே பூட்டி வைத்துவிட்டு நடந்து ஏறினோம். பழமுதிர்சோலை வழியாக மேலே செல்லும் அந்தச் சாலையின் முதல் வளைவைத் தாண்டியதுமே காற்றின் வெப்பம் குறைந்துவிடுகிறது. உசிலையும் வெப்பாலையும் நாவலும் நிறைந்த காடு. கோடையில் பாதி இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும் மரங்கள். மாமா குரங்குகளுக்குப் பயந்து பையை மார்போடு அணைத்தபடி வந்தார். நான் ஓரிடத்தில் நின்று காலால் சருகைக் கிளறினேன். மேலே நொறுங்கும் சருகு. அதற்கடியில் மக்கிய இலை. அதற்கும் அடியில், அந்த ஆனி மாதத்திலும், விரலில் ஒட்டும் ஈரம்.

உன் கேள்விக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது. நம் தெருக்கோடியில் இருந்த கிணறு வெட்டுகிறவரிடம் பல ஆண்டுகளுக்கு முன்பு கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மொட்டைப் பாறைமேல் விழும் மழை அப்போதே ஓடிவிடுகிறது. காட்டில் விழும் மழையை முதலில் இலையும், பிறகு சருகும் தாங்கி வேகத்தைக் குறைக்கின்றன. வேர்கள் திறந்துவைத்த வழிகளில் அது மண்ணுக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் உளுத்துப்போன பாறையில் பஞ்சில் ஊறுவதுபோல் ஊறி நிற்கிறது. அதற்கும் கீழே இருப்பது கெட்டிப் பாறை. அதில் ஆங்காங்கே உள்ள வெடிப்புகள் வழியாக மட்டுமே தண்ணீர் நகர முடியும். அப்படி மெல்ல மெல்ல இறங்கி வருகிற தண்ணீர், மலைச்சரிவு அந்த வெடிப்பை வெட்டும் இடத்தில் வெளியே வருகிறது. அந்த இடத்தைத்தான் கிணறு வெட்டுகிறவர் ஊற்றுக்கண் என்பார். ஆகவே, அன்று உன் தலையில் விழுந்தது முந்தைய ஐப்பசியில் பெய்த மழையாக இருக்கலாம். அதற்கும் முன்பு, நீ பிறப்பதற்கும் முன்பு, பெய்த மழைகூட அதில் கலந்திருக்கலாம்.

நம் கிணறு ஏன் வற்றியது என்ற உன் இரண்டாவது கேள்விதான் கடினமானது, அம்மாடி. நம் தெருவில் மழை இறங்குவதற்கு மண்ணே மிச்சமில்லை. வீட்டு வாசலுக்கு நானே சிமெண்ட் போட்டேன். எல்லாரையும்போல நாமும் ஆழ்துளைக் கிணறு போட்டு, மேலிருந்து போகாத தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சினோம். இதை ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டுத்தான் அன்று பேச்சை மாற்றினேன்.

ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. பருமன் குறைவாக இருந்தாலும் வேகம் இருந்தது. தலையில் விழுந்த முதல் கணத்தில் மூச்சு முட்டியது; அதன்பின் வெளியே வர மனமில்லை. அந்தத் தண்ணீருக்குச் சிலம்பாறு என்றும் பெயர் உண்டு. நூபுரம் என்றாலும் சிலம்புதான். உலகளந்தபோது திருமாலின் சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் என்பது ஐதிகம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும்போது, திருமால் குன்றத்தின் மூன்று பொய்கைகளையும் இந்தச் சிலம்பாற்றையும் குறிப்பிடுகிறான். ஐப்பசியில் தைலக்காப்புக்காக, அதாவது எண்ணெய் சாத்தி நீராட்டும் விழாவுக்காக, அழகர் மலையேறி இங்கேதான் வருகிறார். வேறு நீரில் திருமஞ்சனம் செய்தால் திருமேனி கறுத்துவிடும் என்று சொல்லி, இந்த ஊற்று நீரையே அவருக்குப் பயன்படுத்துகிறார்கள். அன்று நான் “சாமி விடுறார்” என்றது பொய்யில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பாதிப் பதிலோடு நிறுத்திவிட்டேன்.

இறங்கி வந்து, கோவில் தோசையில் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டுவிட்டு, மாமாவின் பிடிவாதத்தால் மலையடிவாரத்தை ஒட்டியே கிடாரிப்பட்டிவரை மிதித்தோம். அங்கே மலைக்குகையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளும், அவற்றை அமைத்துக்கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும், பழைய தமிழ் எழுத்தான தமிழியில் வெட்டிய கல்வெட்டுகளும் இருக்கின்றன. உப்பு வணிகர், வெல்ல வணிகர், துணி வணிகர் என்று அவர்களில் பலர் சாதாரண வியாபாரிகள். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்துகள். அந்தக் குகையிலும் ஒரு சுனை உண்டு. தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் முனிவர்கள் தங்கியிருப்பார்கள் என்று மாமா சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மாலை நான்கு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். முழங்கால் இரண்டு நாள் வலித்தது, இப்போது சரியாகிவிட்டது. வரும் வாரம் வாசல் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, கிணற்றை ஒட்டி மழைநீர் இறங்க ஒரு குழி எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குக் கோலம் போட இடம் போகிறதே என்று வருத்தம். ஓரமாக நான்கடி விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செம்பு ஊற்று நீர் பூசையறையில் இருக்கிறது. பரணில் கிடந்த உன் சைக்கிளை இறக்கி, இரண்டு டியூபையும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். சீட்டின் உயரத்தை நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா