குதிகாலை ஊன்று

அன்புள்ள கனிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டு, சாப்பிட்டேன் என்கிறாள். பெரியத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர்தான் கேட்டார். யாரென்று உனக்கே தெரியும்.

போன மாதம் நீ வாட்ஸப்பில் அனுப்பிய படம், உன் கால் தசைகளின் மின்சாரத்தைக் கோடாக வரைந்தது, கிடைத்தது. கீழே 'பாருங்கப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் இரண்டு தடவை பேசியிருக்கிறாய். சரி, பயிற்சி இருக்கும். பார்க்கத்தானே சொன்னாய், பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அம்மா ஏதோ ஈசிஜி என்று நினைத்துப் பயந்துவிட்டாள்.

அன்றைக்குப் போனில் நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கெண்டைக்காலில் இரண்டு செண்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஒட்டு, முன்பக்கத் தசையில் இரண்டு, எலும்பு மேல் ஒன்று. எலும்பு மேல் எதற்கு என்று கேட்டாய். அதை எர்த் மாதிரி என்று வைத்துக்கொள். 32 வருஷம் 230 வோல்ட்டோடு புழங்கியவனுக்கு, தோல் வரை வந்து சேரும் தசையின் மின்சாரத்தில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வந்தாலே பெரிசு என்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. அதற்குள் சுவரில் ஓடும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு புகுந்துவிடுமாம். அதை அப்படியே வெட்டி எறியவும் முடியாது, தசையும் அந்த அலைவரிசையில்தான் பேசுகிறது, அதன் குரலும் கொஞ்சம் போய்விடும். இந்தப் பாழாய்ப்போன கரண்ட் உன்னை அங்கேயும் விடவில்லை பார்.

சோதனைக்கு முந்தின நாள் காலில் எண்ணெய் தடவாதே. ஒட்டு நிற்காது. மற்ற நாட்களில் தடவு, தடவாமல் இருந்துவிடாதே. மழித்த இடம் எரிந்தால் சொறியாதே.

படத்துக்கு வருகிறேன். நீ நடக்கும்போது எடுத்தது. மேலே இருப்பது பாதத்தைத் தூக்கும் முன்பக்கத் தசை, கீழே கெண்டைக்கால். இடது காலில் பாதம் தரையை விட்டு முன்னால் வரும்போது மேல்கோடு எழுகிறது, கீழ்க்கோடு சும்மா கிடக்கிறது. ஒருவன் வேலை செய்தால் மற்றவனுக்கு ஓய்வு. வலது காலில் இரண்டு கோடும் ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒருவன் பாதத்தைத் தூக்கப் பார்க்கிறான், அதே நொடியில் இன்னொருவன் கீழே இழுக்கிறான். நடையில் இது தெரியாது. நுனிக்காலில் நடக்கிறாள் என்று மட்டும்தான் வெளியே தெரியும். இத்தனை வேலை செய்துவிட்டு அந்தக் கால் எப்படி ஓடுகிறது என்றுதான் நான் யோசிக்கிறேன். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் முதல் தடவை 200 மீட்டரை நீ முடித்தபோது, கடைசியாக வந்தாள் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். அந்தக் கால் இரட்டை வேலை பார்த்துவிட்டு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பரில் வகுப்புப் பரிசோதனை, அதுதான் பாரா ஓட்டத்தில் நீ எந்தப் பிரிவில் ஓடவேண்டும் என்று பார்ப்பது, மறுபடி இருக்கிறது என்று உன் கோச் சொன்னார். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. இப்போதுள்ள டி37 பிரிவிலேயே இருந்தாலும் சரி, பாதிப்பு குறைவானவர்கள் ஓடும் டி38க்கு மாற்றினாலும் சரி, கவலைப்படாதே. அங்கே மேஜையில் படுக்கவைத்துக் கணுக்காலை மெதுவாக மடக்குவார்கள், அப்புறம் வேகமாக மடக்குவார்கள். வேகமாக மடக்கும்போது தசை 'டக்'கென்று பிடிக்கும், உனக்குத் தெரியாததா. ஓடச் சொல்லிப் பார்ப்பார்கள், போட்டியிலும் பார்ப்பார்கள். எதையும் கூட்டிக் காட்டாதே, அது குற்றம். குறைத்தும் காட்டாதே, அது உன் பழக்கம். சின்ன வயதிலிருந்தே யார் முன்னாலும் அந்தக் காலை ஒளித்துத்தான் நிற்பாய். நடிக்கிறாள் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்பவன் சொல்லட்டும். நீ பரிசோதனைக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்கு. எண்ணெய் தடவாதே.

2024 ஆகஸ்டில் ப்ரீத்தி பால் பாரிஸில் டி35 100 மீட்டரை 14.21 விநாடியில் ஓடி வெண்கலம் வாங்கியபோது நம் வீட்டில் நடந்தது நினைவிருக்கிறதா? பாராலிம்பிக் ஓட்டத்தில் நம் நாட்டுக்கு அதுதான் முதல் பதக்கம். அம்மா அழுதாள். நான் உன்னைப் பார்த்து, 'நீயும் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினால்' என்று ஆரம்பித்தேன். நீ எழுந்து மாடிக்குப் போய்விட்டாய். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் 200 மீட்டரிலும் 30.01 விநாடியில் இன்னொரு வெண்கலம் வாங்கினாள். அதைப் பார்க்க நீ கீழே வரவில்லை. என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

அந்த 100 சதவீதக் கதையைச் சொன்னாயே, அது மனசை விட்டுப் போகவில்லை. முழு பலத்தோடு பாதத்தைத் தூக்கச் சொல்வார்கள், மூன்று தடவை. அதில் வந்த பெரிய அளவு 100, மற்றதெல்லாம் அதில் இத்தனை சதவீதம். ஆனால் மூளையிலிருந்து ஆணையே முழுசாக வந்து சேராத தசைக்கு எது முழு அளவு? 'முழுசாத்தான் போடுறேன்ப்பா, அது வர மாட்டேங்குது' என்று சிரித்தாய். முள் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத மீட்டரை வைத்துக்கொண்டு, இது பாதி, இது கால்வாசி என்று எப்படிச் சொல்வது? அப்படி ஒரு மீட்டரை உன் ஒன்பது வயதிலிருந்து நான் உன் காலில் வைத்திருந்தேன்.

மொட்டை மாடி. டியூட்டி முடிந்து வந்ததும் உன்னை நடக்கவைப்பேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை. குதிகாலை ஊன்று, குதிகாலை ஊன்று. பத்து அடி சரியாக வைப்பாய், பதினோராவது அடியில் குதிகால் தூக்கிக்கொள்ளும். பத்து அடி முடிந்தவளுக்குப் பதினொன்று ஏன் முடியாது, அடம் என்று நினைத்தேன். தளர்த்துடி என்று கத்துவேன். அப்புறம் அந்த பைப் துண்டு. ஒரே ஒரு நாள்தான் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இல்லை, கனி. கெண்டைக்காலில் தடிப்பைப் பார்த்து அம்மா கேட்டபோது, மாடிப்படியில் இடறிவிட்டேன் என்று நீதான் சொன்னாய். அப்படிச் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்றும் சொல்லவில்லை.

சோதனை நடக்கும்போது யாரோ கதவை அறைந்து சாத்தியதற்கே கீழ்க்கோடு துள்ளியது என்று சொன்னாய். சத்தத்துக்கும் பயத்துக்கும் அது இன்னும் இறுகும் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்களாம். நீ அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மெஸ்ஸில் தோசை கல்லு மாதிரி இருக்கிறது என்று போய்விட்டாய். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தளர்த்து என்று நான் கத்தக் கத்த அது இறுகியிருக்கிறது. இறுகியதற்கு அடித்திருக்கிறேன்.

எதற்காக 'பாருங்கப்பா' என்று எழுதினாய் என்று தெரியவில்லை. அப்பாவுக்கு கரண்ட் சமாச்சாரம் பிடிக்கும் என்று அனுப்பினாயோ, வேறு எதற்கோ. எதற்கென்றாலும் சரிதான்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். கருப்பட்டி மிட்டாய், கை முறுக்கு, அம்மா காய்ச்சிய எண்ணெய் ஒரு பாட்டில். மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் போட்டிருக்கிறேன், கத்தியால் அறுக்காதே, பிரித்து எடு. மிட்டாயைக் கோச்சுக்கும் கொடு. படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டு இருக்கிறது. ஓடும்போது எடுத்த பக்கமும் இருந்தால் அதை முழுசாக அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா

செவ்வாய், வெள்ளியில் அம்மா ஆறரைக்குக் கோயிலுக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வருகிறாள். அந்த நேரத்தில் நான் வீட்டில்தான் இருப்பேன்.