உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லாதே

அன்பு மகளுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் அங்கே உனக்கு மணி அடித்துவிடுகிறது, அதனால் நீளமாக எழுதியே அனுப்புகிறேன், ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபிறகு நிதானமாகப் படி. குழுப்பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளோடு சென்னைக்கு வரப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து உன் அம்மா அத்தனை பேருக்கும் என்ன சமைப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். அதை அவளே உன்னிடம் சொல்லட்டும். நான் சொல்ல வேண்டியது அந்த எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரைப் பற்றி.

குரல் உடைகிறது, மற்றவர்களோடு சேராமல் தனியாகத் தெரிகிறது, குழுவிலிருந்து எடுத்துவிடலாமா, இல்லை மேடையில் நிற்கட்டும், உதட்டை மட்டும் அசைக்கட்டும் என்று விட்டுவிடலாமா, பள்ளியில் எல்லோரும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள் என்றாய். வேண்டாம் பாப்பா. இரண்டுமே வேண்டாம். முதலாவதைவிட இரண்டாவது இன்னும் மோசம். குழுவிலிருந்து எடுத்தால் அந்தப் பிள்ளை ஒரு நாள் அழுதுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். உதட்டை அசைக்கச் சொன்னால், உன் குரல் இங்கே இருக்கக் கூடாத ஒன்று, அதை நீயே மறைத்து வைத்துக்கொள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதுவும் பாட்டு டீச்சரே சொல்லிக் கொடுப்பது.

உன் பெரியப்பாவை நினைத்துப் பார். நம் வீட்டிலேயே நல்ல ஞானம் உள்ள காது அவருடையதுதான். ஆலாபனையில் நாலு ஸ்வரம் வருவதற்குள் ராகம் சொல்லிவிடுவார், தாளம் போட்டால் விலகாது. ஆனால் அவர் பாடி நீ கேட்டிருக்கிறாயா? உன் கல்யாணத்தில் ஊஞ்சல் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து அவரைக் கூப்பிட்டபோது எழுந்து பந்திப் பக்கம் போய்விட்டார், ஞாபகம் இருக்கும். எட்டாவது படிக்கும்போது ஆண்டு விழா ஒத்திகையில், அத்தனை பிள்ளைகள் எதிரிலும், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், அந்த வாக்கியத்தை இன்றைக்கும் அப்படியே சொல்லிக் காட்டுவார். சொன்னவருக்கு அன்று சாயங்காலமே மறந்து போயிருக்கும்.

அந்தப் பையன்களுக்கு ஞானம் குறையவில்லை, அதை முதலில் நீ அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று வயது வாக்கில் குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீளமாகின்றன, தடிக்கின்றன. முடிவில் ஆண் பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஷட்ஜத்திலிருந்து (ச) அடுத்த ஷட்ஜம் வரை உள்ள தூரம், கீழே இறங்கிவிடும். அது ஒரே நாளில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் ஆகும். நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது, நடுவில் திடீரென்று கீச்சென்று போகும். நம் ஆட்கள் இதற்கு மகரக்கட்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பாடி நடித்த பையன்களுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் பாட்டு வேஷம் போய்விடும், அதை நினைத்தே நடுங்கியிருக்கிறார்கள். அங்கே டிக்கெட் வசூல் என்று ஒரு கட்டாயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நமக்கு என்ன கட்டாயம்? பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல் மாறத்தான் செய்கிறது, கொஞ்சமாக மாறுவதால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது என்று வருவோம். நீங்கள் எடுத்திருப்பது மோகன ராகம், இப்போது ஐந்து கட்டை ஸ்ருதியில் பாட வைக்கிறாய். பெண்களுக்கும் சின்னப் பையன்களுக்கும் அது சௌகரியம். இந்த இரண்டு பேருக்குத்தான் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், மேல் ஷட்ஜம் எட்டாது, ஒரு ஸ்தாயி கீழே போட்டால் ஆழம் போதாது. முதலில் எல்லோரையும் நாலு கட்டைக்கு இறக்கிப் பார். பெண்கள் கொஞ்சம் முனகுவார்கள், இரண்டு ஒத்திகையில் பழகிவிடும். அப்புறம் அந்தப் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரம் வரைக்கும் சிரமம் இல்லாமல் வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள், வாரா வாரம் கேள், ஏனென்றால் அது மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து (ப) நடுப் பஞ்சமம் வரை வரும். பல்லவி அதற்குள் அடங்கிவிட்டால் அவர்களும் எல்லோரோடும் முழுக் குரலில் பாடட்டும். அனுபல்லவி மேலே ஏறும்போது அவர்கள் ஏற வேண்டாம், கீழ்ப் பஞ்சமத்தையோ ஷட்ஜத்தையோ பிடித்துக்கொண்டு 'ஆ' என்று அகாரமாக நிற்கட்டும். மோகனத்தில் அது உறுத்தாது, தம்புரா மாதிரி அடியில் ஓடும். செய்து பார், பாட்டுக்கே ஒரு கனம் வந்துவிடும், நீயே ஆச்சரியப்படுவாய்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. வேப்பேரியிலும் சாந்தோமிலும் தேவாலயப் பாடகர் குழுக்களில் பையனுக்குக் குரல் உடைந்தால் அவனை வெளியே அனுப்புவதில்லை, கொஞ்ச நாளில் ஆண் குரலில் மேலே பாடும் டெனர் வரிசைக்கோ கீழே பாடும் பாஸ் வரிசைக்கோ மாற்றிவிடுவார்கள். அவன் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே அவனுக்கு ஒரு வரி இருக்கிறது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற பாடகர் குழு 1893லிருந்து இந்த ஊரில் இருக்கிறது, அவர்கள் கச்சேரிக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறேன், நாலு விதமான குரல் நாலு வழியில் போய் ஒரு இடத்தில் சேர்வதைக் கேட்டு நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். நம் குழுப்பாட்டில் எல்லோரும் ஒரே ஸ்தாயியில் ஒரே மெட்டைப் பாட வேண்டும் என்றுதான் பழகிவிட்டோம், அதனால்தான் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆண் பிள்ளைகள் பாட்டு வகுப்பிலிருந்து மெதுவாகக் காணாமல் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடுவர்கள் மார்க் குறைப்பார்களே என்கிறாய். நடுவர் மேஜையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உதட்டை மட்டும் அசைக்கும் பிள்ளை அங்கிருந்து நன்றாகத் தெரியும், மூச்சு எடுக்கும்போது அவன் தோள் எழும்பாது, கண் டீச்சர் பக்கமே இருக்கும். அதைப் பார்த்த பிறகு அந்தக் குழுவின் ஸ்ருதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்கு மனது ஒட்டாது. மார்க் போவது பெரும்பாலும் வேறு இடத்தில். பயத்தில் காலப்பிரமாணம் ஓடும், முதல் வரியில் எடுத்த வேகம் சரணத்துக்கு வரும்போது ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். வரி முடிவில் மூச்சு போதாமல் ஸ்ருதி இறங்கும். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். இதையெல்லாம் சரிசெய்ய உனக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்த இரண்டு பையன்களைச் சமாளிப்பதில் நீ கவலைப்படும் நேரத்தை இதற்குக் கொடு. வேகத்துக்கு ஒரு வழி உண்டு, பாடாமல் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு மனதுக்குள் பாட்டை ஓட்டச் சொல்லி, நடுவில் ஒரு இடத்தில் கை காட்டி எல்லோரையும் ஒன்றாக எடுக்கச் சொல். எல்லோரும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தால் லயம் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே டிசம்பரில் மழை ஈரம் இருக்கும், அரங்கத்துக்குள் போனால் ஏசி குளிர் எலும்பைத் தொடும். மிருதங்கம் வாசிக்கும் பிள்ளையிடம் சொல்லிவை, வெளியே ஈரத்தில் தோல் தளர்ந்து ஸ்ருதி இறங்கும், உள்ளே ஏசியில் காய்ந்து ஏறும். பின்னறையில் சேர்த்த ஸ்ருதியை நம்பி மேடை ஏறக் கூடாது, கொஞ்சம் முன்னதாகவே வாத்தியத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மேடையில் இன்னொரு முறை கல்லும் புல்லும் (தட்டிச் சேர்க்கும் மரக்கட்டை) எடுத்துச் சரிபார்க்க வேண்டும். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ஒட்டும் ரவையும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஸ்ருதிப் பெட்டியை மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள், விடாதே, பிள்ளைகள் காதில் விழும்படி அவர்கள் காலடியில் வைக்கச் சொல். சபையோருக்கு ஸ்ருதி கேட்டு என்ன ஆகப்போகிறது?

அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா என்று 2022இல் ஆரம்பித்த பிறகு வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி வந்து மேடையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. எங்கள் காலத்தில் ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்து பாடுவதோடு சரி. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் நல்ல ஆசிரியர்கள்கூட "சேராத" பிள்ளையைத் தேட ஆரம்பிக்கிறார்கள். உனக்கு அந்தக் கண் வரக் கூடாது என்பதுதான் என் ஆசை, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பரிசு வந்தால் எனக்குச் சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன், தெரு முழுக்கச் சொல்வேன். இரண்டு பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு வாங்கிய பரிசு என்றால் எனக்கு வேண்டாம்.

உங்கள் முறை முடிந்ததும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிடாதே. மற்ற பள்ளிகள் பாடுவதை உட்கார்ந்து கேட்கட்டும். மறுநாள் தங்கினால் சபாக்களில் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம்தான், இளம் பிள்ளைகள்தான் பாடுவார்கள், நான் கூட்டிப் போகிறேன். அந்தப் பையன்கள் இரண்டு பேரையும் என் பக்கத்தில் உட்கார வை. பெரியப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நாலு கட்டையில் ஒரு தடவை பாட வைத்துப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. பையன்கள் பஞ்சமம் பிடிப்பதைத் தனியாக இன்னொரு பதிவு. அவர்கள் பாடும்போது போனை அவர்களுக்குக் கிட்டே வை, பெண்கள் குரல் மூடிவிடுகிறது, எனக்குக் கேட்கவில்லை.

அப்பா